ஓரத்தில் எழுதியது

வாரத்தில் ஆறு நாள் எண்ணுவதுதான் என் வேலை.
தடா பக்கத்துச் செருப்புக் கம்பெனியில்
இடது நூறு, வலது நூறு.
ஜோடி தப்பினால் சூப்பர்வைசர் வாய் திறக்கமாட்டார்,
தெலுங்கில் ஒரு பார்வை பார்ப்பார்.

ஏழாம் நாளும் எண்ணத்தான்
கூட்டி வந்திருக்கிறார் இந்த மனுஷன்.

ஆரம்பாக்கத்திலிருந்து ஒரே வண்டியில் நாலு பேர்.
டேங்க் மேல் சாத்விக், நடுவில் லிகிதா,
என் மடியில் எலுமிச்சை சோறு.
சுங்கச்சாவடியின் ஓரச் சந்தில் நுழைந்து,
சூளூர்ப்பேட்டையில் காரப்பொடி தோசைக்கு இறங்கி,
கால் மரத்து
நேலப்பட்டு ஏரிக்கரை சேர்ந்தபோது
வெயிலுக்கு இன்னும் பல் முளைத்திருக்கவில்லை.

குடும்பத்துக்கு ஒரு தாள், ஒரு பென்சில்.
பைனாகுலர் மூன்று குடும்பத்துக்கு ஒன்று.
"முனிரத்னம்காரு, லெக்க பெட்டண்டி"
என்றார் வாச்சர் பென்சலய்யா.
எங்களில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன கடம்ப மரங்கள்,
சுண்ணாம்பு வாளி தலையில் கவிழ்ந்த மாதிரி.
அதற்கு மேலே கூழைக்கடாக்கள்.
ஒரு குஞ்சு
தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு
தோள்வரை இறங்கி எதையோ துழாவுகிறது.
என் கைப்பையில் சாத்விக் சில்லறை தேடுவது
இப்படித்தான்.

லைனில் போனது போனதுதான், திரும்பி வராது.
இங்கே எண்ணி முடித்த ஒன்று
எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி,
எண்ணாததன் பக்கத்தில் போய் உட்காருகிறது.
முப்பத்தெட்டில் விட்டேன்.
மறுபடி ஒன்றிலிருந்து. பத்தொன்பதில் விட்டேன்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று
இவரிடம்கூட நான் சொல்லவில்லை.

இவர் கணக்கு நாற்பத்தொன்று.
லிகிதா கணக்கு எழுபத்து மூன்று.
எப்படியடி?
"உட்கார்ந்திருக்கே, அதுக்கு அடியில இருக்கிறதையும் சேர்த்து."

அப்போதுதான் அந்தச் சத்தம்,
ஈரச் சாக்கு ஒன்று விழுந்தது போல.
கரையோர மரத்தடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.
பிள்ளைகள் ஓடினார்கள்.
"முட்டுகோவத்து!"
முட்டையா கேட்கிறார்? என்றான் சாத்விக்.
தொடாதே என்கிறார் என்றேன்.

பென்சலய்யா வேகமாக நாலு வாக்கியம் சொன்னார்.
இவர் அதில் ஒன்றைத்தான் தமிழில் தந்தார்:
"அதை அப்படியே விட்டுடணுமாம்."
மற்ற மூன்றும் எனக்கே புரிந்தன.
மேலே கூட்டில் அது
ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

தாளில் கட்டம் மூன்று: பெரியது, குஞ்சு, கூடு.
இது எதுல? என்றாள் லிகிதா.
"குஞ்சுலதான். உயிரோடதானே இருக்கு" என்றார் இவர்.
சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்றேன் நான்.
ஏன் அப்படிச் சொன்னேன்?
ஏரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம்.
சாத்விக் ஊறுகாய் வேண்டாம் என்றான்,
தண்ணீர் வேண்டாம் என்றான்,
பிறகு எல்லாவற்றையும் கேட்டான்.

திரும்பிப் போனபோது மரத்தடியில்
புல் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.
கொஞ்சம் பூம்பஞ்சு, அதில் எறும்பு.

லிகிதா தாளை முழங்காலில் வைத்து
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
சின்னதாக 1 என்று எழுதினாள்.
பென்சலய்யா வாங்கிப் பார்த்தார்.
அழிப்பாரோ என்று நினைத்தேன்.
கிளிப்பை அந்த எண் மறையாமல்
கொஞ்சம் தள்ளி மாட்டினார், அவ்வளவுதான்.

ஜோடியில்லாத செருப்புக்கு
எங்கள் லைனில் தனிக் கூடை உண்டு.
சனிக்கிழமை அதில் எத்தனை கிடந்தது,
யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை.

வரும் வழியெல்லாம் சாத்விக் லாரி எண்ணினான்,
பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன் கற்றுக்கொடுத்தபடி:
ஒகட்டி, ரெண்டு, மூடு.
ரெண்டு மட்டும் எந்தப் பக்கமும் ரெண்டுதான்.
லிகிதா பேசவில்லை.
அவள் கை என் முழங்காலில் இறுகியிருந்தது,
ஏதோ குத்திக்கொண்டே வந்தது.
தடா தாண்டித்தான் பார்த்தேன்,
அவர்களுடைய பென்சில்.